அகதிக்கு வலி இல்லையா?

நோய் தீராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டால் அத்துடன் வைத்தியம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் நம் ஜனங்களிடம் வெகு காலமாக இருந்து வருகிறது. அதற்குப் பிறகு நோயாளி பூசாரிக்கும் பாதிரிக்கும் ஓதிப் பார்க்கிறவருக்கும் உரிய சொத்தாகிவிடுகிறான். "எல்லாம் அவன் செயல்" என்கிறார் ஒருவர். "பூர்வ ஜன்ம பலன், அனுபவித்துத் தீர்க்க வேண்டியதுதான்" என்கிறார் மற்றொருவர். சொல்லுகிறவருக்கு வலிப்பதில்லை; படுத்திருக்கிறவனுக்குத்தான் வலிக்கிறது. படுத்திருக்கிறவன் சொந்த ஊரும் சொந்த நாடும் இல்லாத அகதியாகவும் இருந்துவிட்டாலோ, "வலிக்கிறதா?" என்று கேட்பதற்குக்கூட ஆள் கிடையாது.

இந்த விஷயத்தை ஜெகதாப்பட்டினத்தில் தோழர்கள் கூடியிருந்தபோது நான் எடுத்தேன். உடனே ஒரு தோழர் எழுந்து, "மீன் பிடிக்கப் போன நம் பையன்களையே இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகிறது. படகு போச்சு, வலை போச்சு. நம் கஷ்டமே தலைக்கு மேல் இருக்கிறது. இதில் அகதி கஷ்டம் எதற்கு?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: "உம்முடைய தம்பி யாழ்ப்பாணத்து ஜெயிலில் காய்ச்சலில் கிடந்தால் அங்கே இருக்கிற தமிழன் 'இவன் எந்த நாட்டுக்காரன்?' என்று கேட்டுவிட்டு மாத்திரை கொடுக்க வேண்டுமா, கேட்காமல் கொடுக்க வேண்டுமா?" தோழர் உட்கார்ந்துவிட்டார். (நம் விசைப்படகுகள் தங்கள் வலையை அறுத்துவிட்டுப் போகின்றன என்று அக்கரைத் தமிழ் மீனவன் சொல்லுகிற புகார் ஒன்று இருக்கிறது. அதையும் நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. அதை வேறொரு வாரம் பேசுவோம்.)

முதலில் இவர்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1983 ஜூலைக் கலகத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் கடல் தாண்டி வரத் தொடங்கினார்கள். 1990 இல் போர் மூண்டபோது வந்தார்கள். 1996 க்குப் பிறகு வந்தார்கள். 2006 இலிருந்து போர் முடியும் வரையிலும் வந்தார்கள். 2022 இல் அந்த நாட்டில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் திண்டாட்டம் வந்தபோதுகூட ஒரு சிலர் படகேறி வந்தார்கள். 2021 இல் தமிழ்நாடு அரசாங்கம் சட்டசபையில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு இருந்தவர்கள் 34,087 பேர். நம் புதுக்கோட்டை ஜில்லாவில் மட்டும் மூன்று முகாம்கள்: அறந்தாங்கிக்குப் பக்கத்தில் அழியாநிலை, ஆலங்குடித் தாலுகாவில் தோப்புக்கொல்லை, திருமயம் போகிற வழியில் லேனாவிளக்கு. நம்மில் எத்தனையோ பேர் அறந்தாங்கிக்குப் பஸ் ஏறி இறங்கியிருக்கிறோம். அழியாநிலை முகாமுக்குள் கால் வைத்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் வெட்கப்பட வேண்டியிருக்கும்.

"அந்நியன்" என்று யாராவது சொன்னால் அவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகாம்களில் இருப்பவரில் ஒரு பகுதியார் மலையகத் தமிழர். அவர்களுடைய பாட்டனும் பூட்டனும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் சீமைகளிலிருந்து கங்காணி பின்னால் போய்த் தேயிலைத் தோட்டத்தில் முதுகொடிந்தவர்கள். போகும்போது கூலி, திரும்பி வரும்போது அகதி! நடுவில் இரண்டு சர்க்கார்களும் 1964 இல் ஒப்பந்தம் போட்டு ஆளுக்கு இத்தனை தலை என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாடுகளையாவது பிடித்துப் பார்த்துத்தான் பங்கு பிரிப்பார்கள்.

நிற்க. 1990 இல் முப்பது வயதில் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவருக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். முகாம் கிழடு தட்டிவிட்டது. அன்று வேண்டியிருந்தது கஞ்சியும் கூரையும். இன்று வேண்டியிருப்பது புற்றுநோய்க்கும், பக்கவாதத்துக்கும், சிறுநீரகம் கெட்டுப்போனவனுக்கும், எழுந்து உட்கார முடியாத கிழவிக்கும் உரிய பராமரிப்பு. அரசாங்கத்தார் 2021 இல் பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். இடிந்த வீடுகளைக் கட்டித் தருவதாகவும் சொன்னார்கள். "அகதி முகாம்" என்ற பெயரையும் எடுத்துவிட்டு "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று வைத்தார்கள். இவை நல்ல காரியங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மறுவாழ்வு என்றால் அதில் வாழ்வின் கடைசி ஆறு மாதமும் சேர்ந்ததா இல்லையா?

சென்ற தை மாதம் நம் ஜில்லா முகாம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மன்னார்ப் பக்கத்திலிருந்து 1990 இல் வந்த ஒருவர். இங்கே வந்து வீடுகளுக்கு வர்ணம் பூசுகிற கூலி வேலை செய்தே இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். வாயில் புற்று. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வீடு என்பது பத்துக்குப் பத்து அடி அறை. அதில்தான் அவர் படுக்கை, அதில்தான் அடுப்பு, அதில்தான் பேரன் பாடம் படிக்க வேண்டும். கன்னத்துப் புண்ணின் நாற்றம் தாங்காமல் அந்தப் பையனைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டாரோ நோய் தொற்றிக்கொள்ளும் என்று தங்கள் பிள்ளைகளை இந்தப் பக்கம் விடுவதில்லை. தலைமாட்டில் விபூதிப் பொட்டலம் ஒன்று, ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் ஒரு குப்பி, தர்கா கயிறு ஒன்று. மூன்று மதமும் வந்து போயிருந்தன. வலிக்கு இருந்தது காய்ச்சல் மாத்திரை நாலு.

இந்த இடத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷம் மேடையில் பேசிய பழக்கத்தால் நான் அந்தக் குப்பியையும் கயிற்றையும் பார்த்தவுடனே பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டேன். கால் மணி நேரம் அந்த மனிதர் பொறுத்துக் கேட்டார். பிறகு, வாயைத் திறக்க முடியாமல் திறந்து, "தம்பி, கடவுள் இருக்குதோ இல்லையோ எனக்குத் தெரியாது. இந்த நோ இருக்குது. ஏலாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விபூதிக்காரரும் வாய்ப் பேச்சு கொடுத்துவிட்டுப் போனார், நானும் வாய்ப் பேச்சுத்தான் கொண்டுபோயிருந்தேன் என்றால் அவரைவிட நான் எந்த விதத்தில் உயர்த்தி?

உண்மையில் செய்வதற்கு ஒன்றுமில்லையா? இருந்தது, ஏராளமாக இருந்தது. மறுநாள் விசாரித்ததில், வலி தணிப்புக்கென்று பயிற்சி பெற்ற சர்க்கார் நர்ஸ் ஒருவர் அடுத்த ஊருக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. முகாமிலிருந்து அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அப்படி ஒருவர் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார், அதற்குக் காசு இல்லை என்பது முகாமில் ஒருவருக்கும் தெரியாது. நான் போய்ச் சொன்னதும் அந்த அம்மாள் வந்தார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவக் கற்றுக் கொடுத்தார். சில நாளில் நாற்றம் வெகுவாக அடங்கிப் பேரன் அறைக்குத் திரும்பினான். டாக்டர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிரவு அந்த மனிதர் மூன்று மாதத்துக்குப் பிறகு தூங்கினார். அவர் பிழைத்துவிடவில்லை. ஏழு வாரம் இருந்தார். அந்த ஏழு வாரமும் கஞ்சி குடித்தார், பெண்களிடம் பேசினார், மன்னாரில் வள்ளம் ஓட்டிய கதையைப் பேரனுக்குச் சொன்னார்.

இதற்குத்தான் வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சை என்று பெயர். நோயைத் தீர்க்க முடியாதபோதும் நோயாளியைத் தீர்த்துக் கட்டிவிடாத சிகிச்சை அது. வலி, மூச்சுத் திணறல், வாந்தி, படுக்கைப் புண், பயம், கவலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது உண்டு. சாகப் போகிறவனுக்கு மட்டும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பக்கவாதத்தில் விழுந்து பத்து வருஷம் படுக்கையில் இருப்பவனுக்கும் இது உரியது. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைத்தாலே படுக்கைப் புண் பெரும்பாலும் வராது. இதற்குப் பெரிய படிப்பும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மார்பின் என்றவுடனே பலர் பயப்படுகிறார்கள். "அது அபின் சரக்கு, பழக்கமாகிவிடும், சீக்கிரம் கொன்றுவிடும்" என்று படித்தவர்களே சொல்லுகிறார்கள். அபினிலிருந்து எடுப்பதுதான், சந்தேகமில்லை. செர்ட்டர்னர் என்ற ஜெர்மன் மருந்துக்காரர் இருநூறு வருஷத்துக்கு முன் பிரித்தெடுத்து, கனவுக்குரிய கிரேக்கக் கடவுள் பெயரை அதற்கு வைத்தார். பெயரில் கடவுள் இருந்தாலும் வேலை செய்வது மருந்துதான்! வலிக்குத் தக்க அளவில், நாலு மணிக்கு ஒருதரம், டாக்டர் மேற்பார்வையில் கொடுத்து வந்தால் நோயாளி போதைக்காரனாகிவிடுவதில்லை. அதனால் ஆயுளும் குறைந்துவிடுவதில்லை. மலச்சிக்கல் உண்டாக்கும், கூடவே பேதி மருந்தும் கொடுக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 1986 லேயே புற்றுநோய் வலிக்கு இதைப் படிப்படியாகக் கொடுக்கும் முறையை வகுத்து வெளியிட்டுவிட்டது.

பிறகு ஏன் கிடைக்கவில்லை? 1985 இல் இந்திய சர்க்கார் போதை மருந்துச் சட்டம் ஒன்று செய்தார்கள். கள்ளக் கடத்தல்காரனைப் பிடிக்கச் செய்த சட்டம். கடத்தல்காரன் தப்பிக்கொண்டான், நோயாளி அகப்பட்டுக்கொண்டான். ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வைத்துக்கொள்வதற்கு நாலைந்து லைசென்ஸ், அதுவும் வெவ்வேறு இலாகாவில். ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்றின் கெடு முடிந்துவிடும். நம் நாட்டிலோ மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் அனுமதியோடு கசகசாச் செடி பயிராகிறது, காஜிபூரிலும் நீமச்சிலும் சர்க்கார் அபின் தொழிற்சாலை இருக்கிறது, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் நடக்கிறது. செடி நம்முடையது, மண் நம்முடையது, வலியும் நம்முடையது. மருந்து மட்டும் நமக்கில்லை! 2014 இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு ஒரே அனுமதி போதும் என்று செய்தார்கள். சட்டம் திருந்திவிட்டது, சட்டத்தைக் கண்டு நடுங்கின டாக்டர்களின் பயம் இன்னும் முழுவதும் போகவில்லை. உலகத்தில் இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் நூற்றுக்குப் 14 பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகிறது. அகதிகளை மட்டும் எண்ணினால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும்.

சட்டத்தைவிடப் பெரிய தடை கர்ம சித்தாந்தம். போலீஸ்காரனுக்குப் பயந்து மருந்து கொடுக்காதவன் ஒரு பங்கு என்றால், "அனுபவிக்க வேண்டியதை அனுபவிக்கட்டும்" என்று கேளாமலேயே விட்டவன் பத்துப் பங்கு. இந்த அகதி செய்த பாவம் என்ன? அவன் வீட்டில் குண்டு விழுந்தது அவன் கர்மமா, குண்டு போட்டவன் காரியமா? "வலி பாவத்தைக் கழுவும்" என்று சொல்லுகிறவருக்குப் பல்வலி வந்தால் எந்தப் பாவத்தைக் கழுவக் காத்திருக்கிறார்? ராத்திரியோடு ராத்திரியாகப் பல் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கை புற்றுநோயில் துடித்துச் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். "தங்கை தலைவிதி" என்று அவரும் சாந்தி செய்துவிட்டு இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்திருக்குமா?

முகாமுக்கென்று தனியான கஷ்டங்களும் இருக்கின்றன. அகதிகளைப் பற்றிய 1951 ஆம் வருஷத்து உலக ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகையால் இவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் சர்க்கார் மனமிரங்கிக் கொடுக்கிற உத்தரவுகளே தவிர, உரிமை என்று கேட்டு வாங்குவதற்கில்லை. உரிமை இல்லாதவன் கேட்பதற்கே கூசுவான். "இருக்க இடம் கொடுத்திருக்கிறார்களே, இதற்கு மேல் வாய் திறந்தால் என்ன நினைப்பார்களோ" என்கிற பயம் அவர்களுடைய எலும்பில் ஊறியிருக்கிறது. தணிக்கை நாளில் முகாமில் ஆள் இல்லாவிட்டால் பணக்கொடைக்குப் பங்கம் வந்துவிடுமோ என்ற பயத்தால், தூரத்து ஆஸ்பத்திரியில் துணைக்குத் தங்க மகன் யோசிக்கிறான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இவர்களையும் சேர்த்திருக்கிறார்கள், அது மிகவும் உபகாரமான ஏற்பாடு; ஆனால் காப்பீடு ஆஸ்பத்திரியில் அறுவை செய்வதற்குப் பணம் கட்டுமே தவிர, வீட்டுக்குத் திரும்பிவிட்டவனைப் புரட்டிப் படுக்க வைப்பதற்குக் கட்டாது. ஆகவே இவர்களுக்கு வேண்டியது படுக்கைக்குத் தேடி வருகிற வைத்தியம். அதற்கு வழியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவருவதோடு, படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருகிற ஏற்பாடு உண்டு. இருக்கிற வாய்க்காலிலிருந்து முகாமுக்கு ஒரு மடை வெட்ட வேண்டும்.

அந்த மடையை யார் வெட்டுவது? கேரளத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993 இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். டாக்டர்கள் மட்டும் எத்தனை வீட்டுக்குப் போவது? மலப்புறம் முதலிய இடங்களில் கடைக்காரரும் மாணவரும் வாத்தியாரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி பெற்று அக்கம்பக்கத்து நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். செலவுக்குச் சில்லறைக் காசாக ஊரிலேயே வசூல். அது வளர்ந்து, 2008 இல் சர்க்கார் கொள்கையாயிற்று; பஞ்சாயத்து தோறும் வீட்டுக்கு வரும் நர்ஸ் ஏற்பட்டது. பெரிய மனிதர் கட்டிய தர்ம ஆஸ்பத்திரி அல்ல இது, ஊரார் வேலை.

"அகதி முகாமில் நடக்குமா?" என்று கேட்பவர் வங்காள தேசத்தைப் பார்க்கட்டும். 2017 இல் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட ரோகிங்கியா ஜனங்கள் காக்ஸ் பஜாரில் லக்ஷக்கணக்கில் மூங்கில் தட்டிக் குடிசையில் இருக்கிறார்கள். அங்கே அந்த அகதி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, புண் கட்டவும், வலி எவ்வளவு என்று கேட்டுக் குறிக்கவும், நர்ஸுக்குச் சொல்லி அனுப்பவும் வைத்தார்கள். பாஷை தெரிந்தவன், பக்கத்துக் குடிசைக்காரன், வீட்டுக்குள் போனால் யாரும் கூசாதவன் அவன்தானே! 2018 இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட ஒரு கையேட்டில், போரிலும் பஞ்சத்திலும் ஓடிவந்தவர்களுக்கு உயிர் காக்கும் வைத்தியத்தோடு வலி தணிப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நம் முகாம்களிலோ படித்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள். நர்ஸிங் படித்துவிட்டு வேலைக்கு அலைகிறவர்களையும் நான் பார்த்தேன். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து முகாமுக்கு ஒருவராக வைக்கச் சொல்லி நாம் சர்க்காரைக் கேட்க வேண்டும். கேட்கிற வாய் அவர்களுக்கு இல்லை. ஓட்டு நம்மிடம் இருக்கிறது, வாய் நம்மிடம் இருக்கிறது.

"நம் ஊரிலேயே நோயாளிகள் இருக்கிறார்களே" என்று இன்னொரு தோழர் கேட்டார். இருக்கிறார்கள். கடலில் முதுகெலும்பு முறிந்து ஐந்து வருஷமாகப் படுக்கையில் இருக்கிற ஒருவரை எனக்கே தெரியும். முகாமுக்கு ஒரு முறை, ஊருக்கு ஒரு முறை என்று தனித்தனி முறை இல்லை. அங்கே போகிற நர்ஸ்தான் இங்கேயும் வருகிறார். ஆள் சேர்ந்தால் இரண்டு இடத்துக்கும் போகலாம்.

பணத்துக்கும் நமக்கு வழி தெரியாததில்லை. ஏலத்தில் மீன் விலை போகும்போது திருவிழாவுக்கும் கொடைக்கும் மகமை எடுத்துப் பழகின கைகள்தானே? தேர் ஓடாவிட்டால் யாருக்கும் உடம்பு வலிக்காது. மகமையில் ஒரு பங்கு இதற்கென்று ஒதுக்கினால் நீர்ப்படுக்கைகள், ஒரு சக்கர நாற்காலி, பஞ்சு, துணி, புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டிச் சத்தம் ஆகியவற்றுக்குக் காணும். மார்பின் விலை அதிகமில்லை. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும் என்பதால் வாங்கி வர ஆள்தான் வேண்டும். முகாம் ஆபீசில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. இல்லாவிட்டால் யாரோ என்னமோ என்று சந்தேகம் வரும், அதன் தொல்லை நம்மைவிட முகாம்வாசிக்குத்தான். போகிறவர்கள் மதத்தைப் பற்றி, என்னைப்போல், வாயைத் திறக்க வேண்டாம். அங்கே "வலி" என்பதைவிட "நோ" என்றே சொல்லுவார்கள். "நோகுதா? எங்கே? ராத்திரி தூங்கினீர்களா?" என்ற மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வந்து நர்ஸிடம் கொடுத்தால் முதல் நாள் வேலை முடிந்தது.

கூட்டம் கலைவதற்குள் ஜெகதாப்பட்டினத்தில் இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒருவர் வேன் வைத்திருக்கிறவர். மற்றொருவர் ஓய்வு பெற்ற கம்பவுண்டர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அழியாநிலைக்குப் போகிறோம். பெண்களிடம் பேசிப் பார்க்க ஒரு பெண்மணியும் வந்தால் சௌகரியமாக இருக்கும். வேனில் இடமிருக்கிறது.